உலகம்மை ஏறிய ஏற்றம்

கரமனை, திருவனந்தபுரம்
17-7-1974

அன்பு மகன் நீலகண்டனுக்கு அம்மா எழுதுவது. முத்தாரம்மன் அருளால் என் உடம்புக்குக் குறைவில்லை, பம்பாயில் நீயும் மருமகளும் நலமென்றே நம்பி எழுதுகிறேன். உன் கடிதத்தில் தேதி இல்லை, இனித் தேதி போட்டு எழுது.

உன் தங்கை உலகம்மையை நர்ஸ் வேலையை விடச் செய்து அழைத்துவரச் செவ்வாய்க்கிழமை வித்துராவுக்குப் போனேன். நம் வீட்டுப் பெண் சைக்கிளில் மலையேறி, தோட்டத்துக் கூலிக் குடியிருப்பான லயங்களில் ஊசி போட்டுத் திரிவது எனக்குப் பிடிக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். ராஜினாமாக் கடிதத்தை நானே பிழையில்லாத ஆங்கிலத்தில் எழுதிக் கொண்டுபோனேன், அவள் கையெழுத்துதான் பாக்கி. ஊசி மருந்து கெடாமலிருக்க அவள் ஐஸ் வாங்கிக்கொண்டு பின்னால் வருவாள், நீங்கள் பஸ்ஸில் முன்னே தோட்டத்துக்குப் போங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பாதி ஏற்றத்தில் பஸ் கொதித்து நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கி நிற்கையில் கீழ்வளைவில் அவள் வந்தாள். பின்னால் மருந்துப் பெட்டி, சைக்கிள் சாலையின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக அலைந்தது. பெண் தளர்ந்துவிட்டாள், யாராவது பிடியுங்கள் என்று கத்திவிட்டேன். கண்டக்டர் ராஜையன் சிரித்து, அவ விழமாட்டா அம்மா, ஏத்தத்தக் குறுக்கே வெட்டி எடுக்கா, நேரே மிதிச்சா நம்ம வண்டி போல வழியில கெடக்கணும் என்றார். தோட்டத்துக்காரி உச்சிமாகாளி, ஊசிக்காரம்மா, பஸ்ஸையும் கயிறு கட்டி இழுத்துட்டுப் போங்க என்று கூவினாள். எல்லோரும் சிரித்தார்கள். உலகம்மை சிரிக்கவில்லை, என்னைக் கண்டும் நிற்கவில்லை. முதலில் கோபம் வந்தது. மேல்வளைவில் அவள் மறையும்வரை பார்த்து நின்றேன், கோபம் போன இடம் தெரியவில்லை. பெற்ற எனக்கே அவளை இதுவரை தெரிந்திருக்கவில்லை.

பஸ் சூடு ஆறி நானும் மேலே போய்ச் சேர்ந்தேன். அவள் பிள்ளைகளுக்கெல்லாம் ஊசி போட்டு முடித்தபின், ஏன் நிற்கவில்லை என்று கேட்டேன். ஏத்தத்துல கால ஊனினா பிறகு மிதிச்சுக் கிளப்ப முடியாதும்மா, ஐஸும் உருகிப்போகும் என்றாள். எழுந்து நின்று மிதித்தால் சீக்கிரம் மூச்சு வாங்குமாம், உட்கார்ந்தே ஒரே சீராக மிதிக்க வேண்டுமாம். உச்சியைப் பார்க்கக்கூடாதாம், சக்கரத்துக்கு முன்னால் பத்தடி போதுமாம். வளைவில் உள்பக்கம் செங்குத்தாம், எதிரே வண்டி வராவிட்டால் வெளிப்பக்கமாக எடுக்க வேண்டுமாம். யார் சொல்லிக்கொடுத்தது என்றேன். மூணு தடவ விழுந்தேன் என்றாள், முழங்காலைக் காட்டாமல்.

கொண்டுபோன கடிதத்தை நான் வெளியே எடுக்கவில்லை. அவள் அங்கேயே இருக்கட்டும், நீயும் வேலையை விடச்சொல்லி எழுதாதே. ஏறியதைப் பார்த்துவிட்டேன், இறங்குவதைப் பார்க்கத்தான் எனக்குத் தைரியம் வரவில்லை, அவளுக்கு முன்பே பஸ் பிடித்து வந்துவிட்டேன்.

இருவரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருங்கள். அங்கே உயர்ந்த ரக சைக்கிள் பிரேக் கட்டை இரண்டு ஜோடி வாங்கி அவள் விலாசத்துக்கே அனுப்பு, ஐப்பசி மழை வலுக்கும் முன் போய்ச் சேர வேண்டும்.

என்றும் உன் நலம் நாடும்
அம்மா பார்வதியம்மாள்