மூவரைக் கொடுத்து ஒரு செல்லச்சாமியைக் கேட்டு

அனுப்புபவர்:
சி. பழனியாண்டி,
கோப்பிக் களத்துக் காவல்காரர், உதைபந்துச் சங்கத்துக் கோல் காவலும் அவரே,
வெள்ளைக்கல் தோட்டம், மடவளை வழி, கண்டி.

பெறுபவர்:
பெரிய துரை அவர்கள்,
தலைவர், தோட்டத்து உதைபந்துச் சங்கம்.

விடயம்: நாவலப்பிட்டியார் மூவரை விட்டுக்கொடுத்து, கலகெதரைத் தோட்டத்துச் செல்லச்சாமியைச் சங்கத்துக்கு எடுப்பது.

கனம் பொருந்திய ஐயா,

துரை அவர்கள் தயவில் அடியேனும் வீட்டாரும் சுகம். சங்கம்தான் சுகமில்லை.

1. போன மாசியில் கணக்கப்பிள்ளை ஐயா நாவலப்பிட்டிப் பக்கம் போய், காலையில் பேர் கூப்பிடும் வரிசையில் நின்றவர்களில் உயரமான மூவரைப் பொறுக்கி வந்தார். பந்தை உதைக்கச் சொல்லிப் பார்க்கவில்லை.

2. மூவரும் தங்கமான மனிதர். இருவர் தூக்கும் கோப்பி மூட்டையை ஒருவராகவே தூக்குவார்கள். பந்து வந்தால் மட்டும், துரை வருகிற மாதிரி ஒதுங்கி வழி விடுகிறார்கள். ஆறு ஆட்டம் ஆடினோம், ஆறும் தோற்றோம்.

3. செல்லச்சாமி ஒல்லி. மூட்டைதான் அவரைத் தூக்கும். ஆனால் அந்த ஆறில் இரண்டு ஆட்டம் அவர் தோட்டத்தோடு. ஒன்பது கோல் விழுந்தது. ஒன்பதும் அவர் அடித்தவை, ஒன்பதும் அடியேன் காவலில். கடைசிக் கோலுக்கு, “மாமா, வலது பக்கம் வருது, பார்த்துக்குங்க” என்று சொல்லிவிட்டே அடித்தார். வலது பக்கமே வந்தது. என்ன பயன்?

4. கலகெதரையில் இம்முறை கோப்பி நிறையப் பழுத்துக் கிடக்கிறது, மூட்டை தூக்க ஆள் போதாது. மூவரையும் அனுப்பினால் செல்லச்சாமி தோட்டம் மாற விடுதலைத் துண்டு எழுதித்தர அந்தத் தோட்டத்துத் துரைக்குச் சம்மதம். மூவருக்கும் சம்மதம், அங்கே பந்தாடச் சொல்ல மாட்டார்கள்தானே என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்கள். கணக்கப்பிள்ளை ஐயாதான், மூன்று தலை கொடுத்து ஒரு தலை வாங்குவது நட்டம் என்று ஞாயிறு கூட்டத்தில் மறுத்துவிட்டார். பந்துக்குத் தலை எண்ணி ஆகாது ஐயா, கால் பார்க்க வேணும்.

5. துரையிடம் மறைப்பானேன்? அந்த ‘மாமா’ மரியாதைக்குச் சொன்னது அல்ல. செல்லச்சாமி அடியேன் மருமகன். எங்கள் ஒரே மகள் கமலத்தைக் கட்டிக்கொண்டு போய் ஒன்றரை வருடம். அவளுக்கு இப்போது ஏழு மாதம். அடியேன் மனைவி நல்லம்மா, “கோலைத்தான் தடுக்கத் தெரியல, புள்ளையையாவது கூட்டிட்டு வந்து சேருங்க” என்று சோறு போடும்போதெல்லாம் சொல்லுகிறாள். சிரித்துக்கொண்டுதான் சொல்லுகிறாள். அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்து, அடுப்புப் புகை என்கிறாள்.

6. துண்டு ஒருவர் பேரில் எழுதினாலும் குடும்பம் சேர்ந்தே வரும் என்பது துரை அறிந்ததே. செல்லச்சாமி ஒன்று. பழம் பறிப்பதில் கை வேகமான கமலம் இரண்டு. வயிற்றில் இருப்பது மூன்று. கணக்கப்பிள்ளை ஐயா எண்ணினாலும் மூன்றுக்கு மூன்று சரியாக வரும்.

ஆகையால், இம்மாதம் 26ஆம் தேதி சனிக்கிழமை கலகெதரையோடு ஆடும் முன்னே, துரை அவர்கள் ஒரு கையெழுத்துப் போட்டு மருமகனை இந்தப் பக்கம் ஆட வைக்கும்படி பணிவோடு கேட்கிறேன். அவரைப் போலவே கோலுக்கும் ஒரு நல்ல ஆள் பிறகு அகப்பட்டால், அடியேனுக்கு மனத்தாங்கல் இல்லை. பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கோலுக்குப் பின்னால் நின்று பந்து பொறுக்கிக் கொடுப்பேன். அந்த வேலையில் இப்போதே நல்ல பழக்கம் உண்டு.

இடம்: வெள்ளைக்கல் தோட்டம்
தேதி: 14 அக்டோபர் 1878

துரை அவர்கள் சொல்லுக்குக் காத்திருக்கும்,
சி. பழனியாண்டி
(கையெழுத்து)