எல்லையில் மாட்டிய கொக்கி

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. நான் மன்னிப்பு எழுதித் தந்தால் தலைநகரில் உன் வேலை தப்பும் என்கிறாய். நடந்ததைச் சொல்கிறேன், கேள்.

நமக்கும் ரஷ்யாவுக்கும் இடையிலான கடல் எல்லையில் ஒரு மீன்பிடிக் கப்பல் உடைந்து எண்ணெய் கக்கியது. காற்று நம் வார்டோ ஊர்ப் பக்கம் அடித்தது. பறவைத் தீவு முழுக்க முட்டைகள். எண்ணெயை மறிக்க நம்மிடம் இருந்த மிதவை வேலி பாதித் தூரம்கூட எட்டவில்லை. எதிரே ரஷ்யப் படகில் ஸகார் தன் வேலியோடு நின்றான். வருஷா வருஷம் சேர்ந்து ஒத்திகை பார்த்தவர்கள் நாங்கள். இரண்டு வேலியையும் இணைக்க ரஷ்யர்கள் கொடுத்த கொக்கி இன்னும் என் படகில்தான் இருக்கிறது.

எஞ்சின் பார்க்கும் தூர்லைஃப் பதறினான். "அக்கா, அவங்களோட ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாதுன்னு தலைநகர்ல இருந்து உத்தரவு!"

"உன்னைப் பேசச் சொன்னேனா? கொக்கிய எடுடா."

பேசவில்லை, தம்பி. ஸகார் கயிற்றை வீசினான், நான் பிடித்து மாட்டினேன். எண்ணெய் அங்கேயே நின்றது. ஒத்திகை முடிந்தால் வழக்கமாக அவன் காபிக் கெட்டிலைத் தூக்கிக் காட்டுவான். அன்றும் காட்டினான். அவன் படகுக்குப் போனேன், குடித்தேன். அங்கேயும் குடிக்க மட்டும்தான் வாய் திறந்தேன். உங்கள் உத்தரவை இதைவிட ஒழுங்காக யார் மதிப்பார்கள்?

இப்போது கொக்கியை ஒப்படைக்கச் சொல்லி இன்னொரு உத்தரவு. கீழே உன் கையெழுத்து. தர மாட்டேன். ஆள் அனுப்பாதே, நீயே வா. தீவில் குஞ்சுகள் பொரிந்துவிட்டன. அவற்றின் எதிரில் நின்று கொக்கியைக் கழற்று, பார்ப்போம்.

மன்னிப்புக் கேட்காத,
உன் அக்கா