புல்லில் விழுந்தவை

செப்டம்பர் 10, ஞாயிறு

கூடுகளைப் போட்டு உருட்டிப் பளபளப்பாக்கும் எந்திரம் போன வாரமே மூச்சை நிறுத்திவிட்டது. அதனால் என் வீட்டுக்காரர் டுவெயின் சுட்டுவிட்டுக் கொண்டுவந்த தோட்டாக் கூடுகளை, மறுபடி மருந்து நிரப்புவதற்காக, இன்று கையால் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். துடைத்தால்தானே பார்க்கிறோம்! அவற்றோடு பழைய டப்பாவில் துடைக்காமல் கிடந்த மூன்று கூடுகளின் கழுத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு நிறம். வாணலியின் அடிப்பக்கம் போல. வாங்கும்போது இப்படி இல்லை, எல்லாம் ஒரே மஞ்சளாகத்தான் இருந்தன. விளிம்பில் நான் அரத்தால் போட்ட கீறல் இருக்கிறது, அதனால் நம்முடையவைதான். இடது கைக்காரி போடும் கீறல் கொஞ்சம் சாய்ந்தே விழும். அதை யாரும் போலி செய்ய முடியாது.

அந்த மூன்றும், கூட்டைப் பழைய அளவுக்கு இறுக்கும் அச்சுக்குள் போகவும் முரண்டு பிடித்தன. நம் துப்பாக்கியில் சுட்ட கூடு வெண்ணெய் போலப் போகும். இது ஏன் பருத்திருக்கிறது?

வழக்கம் போல எண்ணிக்கையும் குறைந்தது. "நாலு எங்க?" என்றேன். "புல்லுல விழுந்துருச்சு" என்றார் டுவெயின், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல். எங்கள் துப்பாக்கிக்கான இந்த 257 ராபர்ட்ஸ் ரகக் கூடு கடையில் வந்தால் திருவிழா. இவர் என்னடாவென்றால் புல்லுக்கு உரம் போடுகிறார்.

செப்டம்பர் 14, வியாழன்

துப்பாக்கிக் கடையில் கேட்டேன். தீயில் காட்டினால்தான் அந்த நிறம் வருமாம். சுடச் சுடக் கழுத்துப் பித்தளை இறுகி வெடிக்கும், சூடு காட்டினால் மறுபடி இளகுமாம். அதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் நான் ஒருநாளும் சூடு காட்டியதில்லை. என்னிடம் அதற்கான தீக்குழலே கிடையாது. அப்படியானால் யார்?

செப்டம்பர் 17, ஞாயிறு

டெஸ்ஸா பில்லிங்ஸ் நகரத்திலிருந்து வந்தாள். கர்ட்டின் மகள். கையில் அவள் அப்பாவின் துப்பாக்கி, கக்கத்தில் ஒரு பெரிய காபி டப்பா நிறையக் காலிக் கூடுகள்.

கர்ட், டுவெயினுடைய தம்பி. ஏப்ரலில் கன்று ஈனும் கொட்டகையில் விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. அண்ணனும் தம்பியும் பத்துப் பதினோரு வருஷமாகப் பேசவில்லை. மழை பொய்த்த கோடை ஒன்றில் கர்ட் முறை தப்பி வாய்க்கால் மதகைத் திறந்துவிட்டான், எங்கள் வைக்கோல் நிலம் காய்ந்துபோயிற்று. அவ்வளவுதான். அடக்கத்துக்கு டுவெயின் வந்தார், ஆனால் வண்டியை விட்டு நகரவில்லை. எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

இரண்டு பேருக்கும் ஒரே ரகத் துப்பாக்கி. மாமனார் ஜோடியாக வாங்கிக் கொடுத்தது.

"பெரியம்மா, இந்த வருஷம் அப்பா வேட்டைக்குப் போற எடத்துக்கு நான் போகணும். எல்க் மானுக்கு லைசென்ஸ் எடுத்துட்டேன். தோட்டா நீங்க பண்ணித் தருவீங்களா?"

"தோட்டா தர்றேன். மலைக்கு யார் கூட்டிட்டுப் போறது?"

அவள் டுவெயினைப் பார்த்தாள். அந்த ஓடைப் பள்ளத்தாக்குக்கு வழி தெரிந்தவர்கள் இரண்டே பேர், அதில் ஒருவன் போய்விட்டான். டுவெயின் தட்டில் இருந்த உருளைக்கிழங்கை நாலாக நறுக்கினார். பிறகு எட்டாக நறுக்கினார்.

"எனக்கு முழங்கால் சரியில்ல" என்றார்.

போன வாரம்தான் கூரை மேல் ஏறித் தகரம் அடித்தார்.

டெஸ்ஸா தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினாள். டப்பாவையும் துப்பாக்கியையும் என்னிடமே விட்டுப் போனாள். அந்தப் பெண்ணுக்கு அப்பா போன வழியில் ஒரு தடவை நடந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. அதற்குக்கூட மனசு வராத மனுஷன்!

செப்டம்பர் 20, புதன்

பள்ளிச் சமையல் வேலை முடிந்து வந்து கர்ட்டின் டப்பாவை மேசையில் கொட்டினேன். ஊர்ப்பட்ட பித்தளை. முதலில் அடியில் உள்ள முத்திரை பார்த்துக் கம்பெனி வாரியாகப் பிரித்தேன். ஒரு கம்பெனிக் கூட்டின் சுவர் தடிப்பு, இன்னொன்றுடையது மெலிவு. கலந்து போட்டால் ஒரே அளவு வெடிமருந்துக்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் குதிக்கும்.

கழுத்தில் மயிரிழை வெடிப்பு இருந்தவை குப்பைக்கு. அடுத்தது என் செல்லக் கம்பி. நுனியைக் கொக்கியாக வளைத்து உள்ளே விட்டு, அடிப்பாகத்துக்குச் சற்று மேலே சுவரைத் தடவிக்கொண்டே இழுக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் நல்லது. எங்கேயாவது பள்ளத்தில் நக்கென்று இடறினால் அந்த இடத்தில் பித்தளை மெலிந்துவிட்டது, அடுத்த வெடியில் கூடு இரண்டாகப் பிரியும், சூடான புகை முகத்துக்கு வரும். கண்ணால் பார்த்தால் தெரியாது, விரல்தான் சொல்லும். இந்த வேலை எனக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்று தெரியவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வதில் எனக்கு ஒரு பேராசை. சின்ன வயதில் அம்மாவின் கடிகாரத்தைப் பிரித்து அடி வாங்கியவள்தானே.

கர்ட் கைகாரன். பாதிக்கு மேல் தேறும்.

செப்டம்பர் 21, வியாழன்

என் கீறல்!

கர்ட்டின் டப்பாவில் என் கீறல். சாய்ந்த, இடது கைக் கீறல். ஒன்று இரண்டு அல்ல, கைநிறைய.

முதலில் ரத்தம் கொதித்தது. திருடன்! டுவெயின் சுட்டுவிட்டு வந்த பிறகு சுட்டுப் பழகும் அந்த ஜல்லிக் குழிக்குப் போய்ப் புல்லில் பொறுக்கியிருக்கிறான். வாய்க்கால் தண்ணீர் போதாதென்று கூடும் வேண்டியிருக்கிறது —

அப்புறம் பார்த்தால், அந்தக் கழுத்துகளிலும் நீலமும் பழுப்பும். அதே நிறம். கர்ட்டின் துப்பாக்கியில் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன், சொன்ன பேச்சு கேட்டது. நம்முடையதில் போட்டேன், துப்பாக்கியின் பூட்டு இறங்க மறுத்தது. அவன் துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறை ஒரு மயிரளவு அகலம். அங்கே சுட்ட கூடு அங்கேதான் பொருந்தும்.

அப்படியானால் நம் டப்பாவில் முரண்டு பிடித்த அந்த மூன்றும் அவன் சுட்டவை. அவன் சூடு காட்டியவை. திருடன் எதற்காகத் திருப்பிக் கொடுக்கிறான்? அதுவும் மராமத்து பார்த்து?

செப்டம்பர் 24, ஞாயிறு

சோள ரொட்டிக்கு மோர் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஜல்லிக் குழிக்குப் போனேன். ஊரில் எல்லோரும் சுட்டுப் பழகும் இடம். ஒரு மர மேசை, எதிரே மண் மேடு. டுவெயின் மாதத்துக்கு ஒரு ஞாயிறு வருவார். கர்ட் புதன்கிழமைகளில் வருவான் என்று ஊரே அறியும். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமலிருக்கச் செய்த ஏற்பாடு என்று நினைத்திருந்தோம்.

புல்லில் ஒன்றும் இல்லை. குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தேன். குறுக்குச் சட்டத்தில் ஒரு தகர டப்பா, மூடி போட்டு, மேலே கல் வைத்து.

உள்ளே எங்கள் கூடுகள். எல்லாம் என் கீறல். அடியில் கிடந்தவை கறுத்துப்போயிருந்தன. மேலே நாலு மட்டும் புதுசு, இந்த மாதம் புல்லில் விழுந்த நாலு.

கர்ட் போனது ஏப்ரலில்.

எடுக்க ஆளில்லை என்று தெரிந்தும் இந்த மனுஷன் மாதாமாதம் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். மூடியை மூடிக் கல்லை மறுபடி வைத்தேன். வண்டியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். மோர் வாங்க மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 26, செவ்வாய்

கேட்க வேண்டும். கேட்கவில்லை. எனக்கே ஆச்சரியம்.

அக்டோபர் 1, ஞாயிறு

கேட்டேன். பேச்சாக இல்லை. நீலக் கழுத்துக் கூடு ஒன்றை அவருடைய காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தேன்.

எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தார். "அவன்கிட்ட தீக்குழல் இருந்துச்சு" என்றார்.

"அப்புறம்?"

"கழுத்து இறுகினதெல்லாம் இளக்கி வைப்பான். நான் எடுத்துக்குவேன். அவனுக்குக் கூடு கிடைக்கல, நமக்கு நீ இருந்தே, வாங்கி வச்சிருந்தே."

"இத்தனை வருஷமா? பேசிக்கிட்டீங்களா?"

"பேச என்ன இருக்கு? டப்பா இருந்துச்சு."

எனக்கு வந்ததே ஆத்திரம்! "புல்லு புல்லுன்னு என்னை எத்தனை தடவை தேட விட்டே! முட்டி போட்டுத் தேடியிருக்கேன்யா நான்! அவன் போனப்புறமும் போடறியே, யாருக்கு?"

"பழக்கம்."

"அப்ப அந்தப் பொண்ணைக் கூட்டிட்டுப் போறதுல என்ன கஷ்டம்?"

கோப்பையைத் தள்ளி வைத்தார். "ஜோனி, அவளுக்கு அப்படியே அவன் கண்ணு. மலையில ரெண்டு நாள் அந்தக் கண்ணுக்கு முன்னாடி எப்படி உக்காந்திருக்கிறது? என்னைக்காவது ஒரு புதன்கிழமை போயிருக்கலாம்ல நான்? ஒரே ஒரு புதன்கிழமை."

எழுந்து மாடு பார்க்கப் போய்விட்டார். மாடு எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

அக்டோபர் 8, ஞாயிறு

டெஸ்ஸாவின் தோட்டாக்கள் தயார். ஒரே கம்பெனி, கம்பி இடறாதவை, அடியில் வெடிப்பொட்டு இறுக்கமாக உட்கார்ந்தவை, கர்ட்டின் துப்பாக்கியில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தவை. கையில் எடுத்தால் நிம்மதியாக இருக்கிறது. அவளைக் கூட்டிக்கொண்டு ஜல்லிக் குழிக்குப் போனேன். நானும் வருகிறேன் என்று டுவெயின் ஏறிக்கொண்டார். ஆனால் அங்கே போய் வண்டியிலேயே சாய்ந்து நின்றார், அடக்கத்தன்று நின்ற மாதிரியே.

டெஸ்ஸா சுமாராகச் சுடுகிறாள். குண்டு காகிதத்தில் விழுகிறது, அது போதும். சுட்ட கூட்டைப் பொறுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

"பெரியம்மா, இங்க ஒரு டப்பா இருக்கு. யாரோ காலிக் கூடு போட்டு வச்சிருக்காங்க."

நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்நாளில் அபூர்வமாக நடக்கிற விஷயம்.

டுவெயின் வண்டியை விட்டு நகர்ந்தார். மெதுவாக நடந்து வந்து மேசைக்கு இந்தப் பக்கம் நின்றார்.

"உங்கப்பனுக்குப் போட்டது. எடுத்துக்கோ."

"அப்பாவுக்கா? நீங்களா?" டெஸ்ஸா டப்பாவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "அப்பா புதன்கிழமை போயிட்டு வந்தா மட்டும் விசிலடிச்சுக்கிட்டே வருவாரு. ஏன்னு கேட்டா, அதிர்ஷ்டம், கூடு கிடைச்சுதும்பாரு."

டுவெயின் தொப்பியைக் கழற்றி, தூசி தட்டி, மறுபடி போட்டார். கண் சிவந்திருந்தது. என்னைப் பார்க்கவே இல்லை.

"சீசன் திறக்கிற சனிக்கிழமை, விடியறதுக்கு முன்னாடி ரெடியா இரு" என்றார் அவளிடம். "காபி நீ போட்டு எடுத்துட்டு வா. உன் பெரியம்மா காபி பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்கும்."

"முழங்கால்?"

"அது கிடக்கு."

அக்டோபர் 21, சனி

போய்விட்டார்கள். அவள் கொண்டுவந்த காபி என்னுடையதைவிட மோசம். ஒரு வாய் குடித்துப் பார்த்தேன்.

அக்டோபர் 22, ஞாயிறு

இருட்டியதும் வந்தார்கள். வண்டியில் ஒரு பெட்டை எல்க். டெஸ்ஸாவுக்கு முதல் குண்டு குறி தப்பியது, இரண்டாவதில் விழுந்துவிட்டது. டுவெயின் ஒன்றுகூடச் சுடவில்லை, ஆனால் போன வழியெல்லாம் கர்ட் சின்ன வயதில் எங்கெங்கே வழுக்கி விழுந்தான் என்று காட்டிக்கொண்டே போனாராம். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேசினார்கள், ஒன்றும் விளங்கவில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டார்கள்.

"கூடு?" என்று கையை நீட்டினேன். டெஸ்ஸா ஒன்றைத் தந்தாள்.

"ரெண்டு சுட்டேன்னியே. இன்னொண்ணு?"

அவள் டுவெயினைப் பார்த்தாள். டுவெயின் தன் பூட்ஸைப் பார்த்தார்.

"புல்லுல விழுந்துருச்சு, பெரியம்மா."

மலை முழுக்க முழங்கால் அளவு பனி. புல் எங்கே வந்தது? அவள் தட்டில் இன்னொரு துண்டு ரொட்டி எடுத்து வைத்தேன்.

அக்டோபர் 23, திங்கள்

காலையில் பள்ளிக்குப் போகும்போது கல்லறைத் தோட்டத்து வழியாகப் போனேன். பனியில் இரண்டு ஜோடி பூட்ஸ் தடம், ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. வாசலிலிருந்து நேராகக் கர்ட்டின் கல் வரை போய்த் திரும்பியிருந்தது. வண்டியை நிறுத்திப் பார்த்தேன், இறங்கவில்லை.

அடுத்த வருஷம் டெஸ்ஸாவுக்குப் பண்ணும்போது புல்லில் விழுவதற்கென்று ஒன்று கூடுதலாகப் பண்ண வேண்டும்.