பதிவேட்டின் முதல் வரி

ஐப்பசி 9, வியாழன்

புதிதாகச் சேர்ந்த நர்சு செல்வி இன்று ஒரு நோயாளிக்கு ஊசி போட்டுவிட்டு அதன் முனையை மூடும்போது, தன் விரலிலேயே குத்திக்கொண்டாள். கழுவிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகப் பார்த்தாள். எங்கள் வார்டில் நர்சுகள் எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவளை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, ஊழியர்களுக்கு நேரும் காயங்களை எழுதுகிற விபத்துப் பதிவேட்டைத் தேடி எடுத்தேன். ஒரு பக்கத்தில்கூட எழுத்தில்லை.

மேட்ரன் ஓடி வந்தார். "எழுதாத ஜெபா. ஆஸ்பத்திரிக்குக் கெட்ட பேரு வந்துரும்."

"நாளைக்கு இந்தப் பிள்ளைக்கு ஏதாவது வந்துட்டுன்னா, இங்கன வச்சுக் குத்துனதுன்னு யாரு மேடம் நம்புவா?"

பேரும் நேரமும் போட்டு எழுதினேன்.

மேட்ரன் போகாமல் நின்றார். "போன வருசம் எனக்கும் குத்துச்சு" என்றார்.

பேனாவை நீட்டினேன். இரண்டாவது வரி அவருடையது.