மங்கோலியாவுக்கு முன் ஒரு பானைச் சோறு

விசா வந்துவிட்டது என்று போனில் கேட்டதும் எழிலரசி அடுப்படியிலேயே இரண்டு சுற்று ஆடினாள். குடும்பத்தோடு மங்கோலியாவுக்கு ஊழியத்துக்குப் போக ஒரு வருஷமாக ஜெபித்தவள். கணவன் தாவீது ஒரகடம் கார் தொழிற்சாலையில் ஷிப்டில் இருந்தான். அசெம்பிளி லைனில் நிற்கும்போது போன் எடுக்க விடமாட்டார்கள். காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதினாள்:

“ஏங்க, விசா வந்துடுச்சி! ஸ்தோத்திரம்! நானும் பாப்பாவும் சபைக்கு ஓடுறோம். குளிருக்குப் பழகுறேன்னு இந்த மண்ணூர் வெயில்லயும் ஸ்வெட்டரக் கழட்ட மாட்றா. சாப்டுட்டு, வூட்டப் பூட்டி, சாவிய பக்கத்து வூட்டு பாப்பம்மாக்கா கிட்ட குடுத்துட்டு வாங்க.

காத்தால கத்துனத மனசுல வெச்சிக்காதீங்க. அங்க சோறு கெடைக்குமோ என்னமோ, நாப்பது நாள் சோத்த வுட்டுப் பழகலாம்னு நாந்தான் சட்டம் போட்டேன். உங்க பேட்ஜ்ல கேன்டீன் சோத்துப் பருக்கையப் பாத்ததும், ‘சோத்தையே வுட முடியல, நீங்க இன்னா ஊழியம் செய்யப்போறீங்க’ன்னு கேட்டுட்டேன். ‘அப்ப நீயே போ’ன்னு நீங்க சொன்னது உறுத்திக்கினே கீது.

பானைல சோறு வடிச்சி வெச்சிகீறேன். குழம்பு சுட வெச்சிக்குங்க.”

பானை மூடியில் சீட்டைச் செருகிவிட்டு வாசல்வரை போனவள், திரும்பி வந்து அடியில் நுணுக்கி நுணுக்கி எழுதினாள்:

“ரெண்டாவது நாள்லேர்ந்து நானும் பாப்பம்மாக்கா வூட்ல தெனம் பழைய சோறு சாப்டுறேன். கர்த்தருக்குத் தெரியும், உங்களுக்குத்தான் தெரியாது. நீங்க இல்லாம நான் எங்கயும் போமாட்டேன். அங்க போயி ரெண்டு பேரும் சேந்தே சோத்துக்கு ஏங்கலாம்.

பானையக் காலி பண்ணிடாதீங்க. எனக்கும் வைங்க.”