மாதுளைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை

அன்பு மகள் சின்னுவுக்கு அம்மா எழுதுவது. நான் கல்லுக்குண்டாக இருக்கிறேன், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

நீ வேலைக்குக் கிளம்பும் முன் வாசலோரம் நட்டுவிட்டுப் போன மாதுளை இந்த வருஷம்தான் முதன்முதலாகக் காய்த்தது, உன் அண்ணன் பார்த்துவிட்டு, எல்லாம் அணிலுக்குத்தானே போகுது, ஒரு முழுப் பழமாவது வீட்டுக்குள்ள வரட்டும், இல்லன்னா மரத்தை வெட்டிட்டு அங்க காரை நிறுத்திக்கிறேன் என்றான். எனக்கு வந்ததே கோபம். தெருவுக்கே துணி தைத்துப் போடுகிறவள் ஒரு காய்க்குச் சட்டை தைக்கமாட்டேனா? டேப்போடு போய் ஒவ்வொரு காயாக அளவெடுத்து, மிஞ்சிய லைனிங் துணியில் சுருக்கமில்லாமல் கச்சிதமாகத் தைத்து மாட்டினேன். பட்டன் வைக்கலையாக்கா என்று எதிர்வீட்டுக்காரி சிரித்தாள், சிரிக்கட்டும். ஆனால் வளர்கிற பிள்ளைக்கு உள்ளே துணி விட்டுத் தைக்கணும் என்று எல்லோருக்கும் சொல்கிறவள், காயும் வளரும் என்பதைக் கோட்டை விட்டேன். காய் பருத்துத் தையல் பிரிந்தது, அந்த வழியாகவே அணில் புகுந்து விருந்து சாப்பிட்டுவிட்டது. ஒன்றே ஒன்றுதான் மிச்சம். பச்சையா இருந்தாலும் பறிச்சுடுங்க என்றாள் எதிர்வீட்டுக்காரி. அணிலுக்குப் பயந்து காயைப் பறிப்பதா, மாட்டவே மாட்டேன் என்றேன். ஜன்னலுக்கு அடிக்கிற கம்பிவலை வாங்கி, தாராளமாக இடம் விட்டுக் கையாலேயே தைத்தேன், விரலெல்லாம் குத்து. அணில் வந்து கடித்துப் பார்த்துவிட்டு வாலை ஆட்டிக் கத்தியது, நானும் ஜன்னலில் நின்று பதிலுக்குக் கத்தினேன்.

நேற்று அது பழுத்ததும் பறித்து, அண்ணனை வரவழைத்து மேஜைமேல் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான், ஒரு கீறல் இல்லை. சரிம்மா, கார் தெருவுலயே நிக்கட்டும் என்றான். அதோடு விடுவேனா, அடுத்த காய்ப்புக்குக் கம்பிவலை அவன் செலவு என்று சொல்லிவிட்டேன்.

நீ வரும்வரை பழத்தை வைத்துக்கொண்டு அழுவேன் என்று நினைக்காதே. இன்று காலை நானே உடைத்து ஒரு முத்து விடாமல் தின்றேன், அண்ணனுக்கும் தரவில்லை. உன் கைராசி, அப்படி ஓர் இனிப்பு. வேண்டுமென்றால் நேரில் வா, மரம் அங்கேயேதான் நிற்கும்.

நோய்நொடி அண்டாமல், நினைத்ததெல்லாம் கைகூடி நன்றாக இரு. மறக்காமல் உன் சட்டை அளவை எழுது, பருத்திருந்தால் உள்ளதைச் சொல். நீ போனபோது எடுத்த அளவுதான் என்னிடம் இருக்கிறது, இந்தத் தடவை உள்ளே துணி விட்டே தைக்கிறேன்.

யாருக்கும் விட்டுக்கொடுக்காத
உன் அம்மா