பால்கோவா டப்பாவில் இரண்டு கவர்

இன்று காலை புது உறைக்கட்டு வந்து இறங்கியது. நீல நிறம், பெரிய பெரிய எழுத்து, எந்த ஊர்க் கம்பெனியோ. அச்சு மையின் வாடை என் மேசை வரைக்கும் அடித்தது. சூப்பர்வைசர் வந்து, "நேத்து மடிச்ச துணியையே இதுல போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நிமிர்ந்து எதிரே பார்த்தேன். கண்ணடித்துச் சிரிக்க நீ இல்லை. நீ போய் மூன்று மாதமாகிறது. உன் ஸ்டூலில் ஒரு புதுப் பெண் உட்கார்ந்திருக்கிறாள்.

இராஜபாளையத்து இந்த பேண்டேஜ் கம்பெனியில் பதினோரு வருடம் நீயும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து துணி மடித்தோம். ஒரே பேல் பொதியில் வந்த துணியை மூன்று கம்பெனி உறைகளில் போடுவோம். ஒன்று மலிவுச் சரக்கு, ஒன்று நடுத்தரம், ஒன்று பெரிய ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற விலை கூடிய சரக்கு. "பாருட்டி, ஒரு வயித்துப் பிள்ளைங்க மூணுக்கும் மூணு விலையில சட்டை" என்பாய். தினமும் இதையே செய்துகொண்டிருந்த நான்தான் மாத்திரை விஷயத்தில் அந்தக் கிறுக்குத்தனத்தையும் செய்தேன்.

எனக்கு ஏன் அப்படி ஆனது என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. காலையில் எழுந்திருக்க முடியவில்லை. சோறு இறங்கவில்லை. குழாயைத் திறந்துவிட்டு அதன் முன்னாலேயே நின்றுகொண்டிருப்பேன். டாக்டர் பேர் பெற்ற கம்பெனி மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுத்தார். அது வேலை செய்தது. ஆனால் விலை! என் சம்பளத்தில் ஒரு வாரம் முழுசாக அதற்கே போனது. வீட்டுக்காரர் சண்டை போடவில்லை. "இன்னும் எம்புட்டு நாளைக்கு?" என்று மட்டும் கேட்டார். மறுநாளிலிருந்து யாரிடமும் சொல்லாமல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் விழுங்க ஆரம்பித்தேன்.

பத்து நாளில் தலை கிறுகிறுத்தது. கை நடுங்கி மடிப்பு கோணலானது. துணியில் கண்ணீர் சொட்டி ஒரு கட்டே வீணாயிற்று. நீதான் பார்த்தாய். சாப்பாட்டு வேளையில் என்னைப் பேல்களுக்குப் பின்னால் இழுத்துப்போய்க் கேட்டாய். சொன்னேன்.

"சவத்து மூதி! மாத்திரை என்ன தீவாளிச் சீலையா, அப்பப்ப எடுத்துக் கட்ட?"

திட்டிக்கொண்டே என் கையிலிருந்த அட்டையைப் பிடுங்கித் திருப்பினாய். பெரிய எழுத்துப் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொரு பெயர். "பெரிய எழுத்து உறை. இந்தா, இந்தப் பொடி எழுத்துதான் துணி. சிவகாசியில எங்க சித்தி மகளுக்கும் இதே மருந்துதான். வேற கம்பெனி பேருல வாங்குதா, கால்வாசி விலைதான். அவளுக்கென்ன, நல்லாத்தான் இருக்கா."

நான் ஒத்துக்கொள்ளவில்லை. டாக்டர் எழுதியதைத்தான் சாப்பிட வேண்டும், மலிவு என்றால் அதில் என்னமோ குறைச்சல் இருக்கும் என்று வாதாடினேன். நீ என் மேசையை எட்டிப் பார்த்தாய். மூன்று உறைகளும் வரிசையாகக் கிடந்தன. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். எனக்குக் கோபம்தான் வந்தது.

அந்தச் சனிக்கிழமை நீயே என்னை டாக்டரிடம் கூட்டிப்போனாய். கேட்டது நீ, பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது நான். அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "மருந்து ஒண்ணுதாம்மா. மருந்துப் பேரையே எழுதித் தாரேன், விலை குறைஞ்சதா வாங்கிக்கங்க. ஆனா நீங்களா நாள் விட்டுச் சாப்பிடாதீங்க. நீங்களா நிறுத்தவும் கூடாது" என்றார். இவ்வளவுதானா என்றிருந்தது. வாயைத் திறந்து கேட்க எனக்கு இத்தனை மாதமாகியிருக்கிறது.

வாங்குவது எங்கே என்பது அடுத்த பாடு. எங்கள் தெரு மெடிக்கல் கடைக்காரர் வீட்டுக்காரருக்குப் பங்காளி. மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். தாய்க்கு மனசு சரியில்லை என்று ஒரு வாய் சொன்னால் போதும், வருகிற வரன் வாசலோடு திரும்பிவிடும். "குடு சீட்டை" என்றாய். மாதம் ஒரு ஞாயிறு ஸ்ரீவில்லிபுத்தூரில் உன் அம்மா வீட்டுக்குப் போவாய். டவுன் பஸ்ஸில் பொம்பளைகளுக்கு டிக்கெட்டும் கிடையாது. மாத்திரைக் கவரைப் பால்கோவா டப்பாவுக்குள் வைத்துத் திங்கட்கிழமை கொண்டுவருவாய். மாத்திரையில் மிச்சம் பிடித்தது இனிப்பில் போகிறதே என்றால், "மாத்திரை உனக்கு, பால்கோவா எனக்கு" என்று பாதியை நீயே வழித்துத் தின்பாய். கம்பெனியில் யாராவது என்ன மாத்திரை என்று கேட்டால், எனக்கு முன்னால் நீ முந்திக்கொண்டு "சத்து மாத்திரை" என்பாய்.

நான் தேறினேன். காப்பியில் சீனி போதவில்லை என்று முணுமுணுத்த வீட்டுக்காரரை ஒரு பிடி பிடித்ததை உன்னிடம் சொன்னபோது, "வந்துட்டாய்யா பழைய ராங்கிக்காரி!" என்று கை தட்டினாய்.

பிறகு ஒரு திங்கட்கிழமை நீ வேலைக்கு வரவில்லை. மாரடைப்பு என்றார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காரியம் முடிந்த அன்று உன் வீட்டுக்காரர் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து தந்தார். "ஒங்களுக்குன்னு வாங்கி வச்சிருந்தா போல" என்றார். பால்கோவா கெட்டிருந்தது. அடியில் இரண்டு கவர். இரண்டு மாதத்துக்குச் சேர்த்து வாங்கிவிட்டாய், முன்யோசனைக்காரி என்று நினைத்து அழுதேன். இரண்டையும் ஒரு நாள் விடாமல் சாப்பிட்டு முடித்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நானே ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். தேரடி தாண்டி நீ சொன்ன கடை. கவரோடு வந்திருந்த என் சீட்டைப் பார்த்த கடைக்காரப் பெண், "அந்த அக்கா வரலையா? எப்பவும் போல ரெண்டு பேருக்கும் சேத்துத் தரவா?" என்றாள்.

"ரெண்டு பேருக்கா?"

"ஆமா, ஒங்களுக்கு ஒண்ணு, அவியளுக்கு ஒண்ணு. ஒங்களுக்கு முன்னாடியே, நாலஞ்சு வருசமா அவிய வாங்குதாகளே."

"அது சிவகாசியில அவ சித்தி மகளுக்குல்லா?"

"இல்லக்கா. சீட்டு அவிய பேருலதான் இருக்கும்."

ஒரு கவர் போதும் என்று கையால் காட்டினேன். வருகிற வழியெல்லாம் பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தேன். அத்தனை அலுப்பாக இருந்தது. அந்த இரண்டாவது கவர் உன்னுடையது. ஒரு மாதம் உன் மாத்திரையை நான் தின்றிருக்கிறேன். அது எனக்கும் கேட்டது. ஒரே துணிதான், நீ சொன்னபடி.

உன் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. "அவளுக்கென்ன, சிரிச்சுக்கிட்டே போய்ட்டா" என்று அவர் எல்லோரிடமும் சொல்கிறார். அது அப்படியே இருக்கட்டும். ஆனால் உன்மேல் எனக்குக் கோபம் ஆறவில்லையடி. என்னிடம் சொல்லியிருக்கலாமே. சித்தி மகள் எதற்கு?

இன்று மத்தியானம் மாத்திரையை எடுத்தபோது உன் ஸ்டூல்காரி கேட்டாள். "என்னக்கா, சத்து மாத்திரையா?"

"இல்லட்டி. மனசுக்கு" என்றேன்.

அவள் தன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினாள். பிறகு அடுத்த உறையை எடுத்துக்கொண்டாள். அவ்வளவுதான் நடந்தது. பதினோரு வருடம் நீயும் என் எதிரேதான் உட்கார்ந்திருந்தாய். என் கை நடுங்கியதை நீ பார்த்துக் கேட்டாய். நீ எப்படி இருக்கிறாய் என்று நான் ஒரு நாளும் உன்னைக் கேட்டதில்லை.